முஸ்கதே கழுத்துவரை வந்த தவக்காலம்

“உங்க வீட்டு பாட்டில் என் நண்டை அவமானப்படுத்திடுச்சு ஜெர்மேன் அக்கா, அதுவும் ஏழு பேர் பார்க்க, விடிஞ்சும் விடியாம எழுந்து ஒவ்வொரு காலா உடைச்சு உரிச்ச நண்டு, என்னைக் கேக்க ஆளில்லன்னு அது நெனச்சுடுச்சா” என்று எங்கள் சந்து செவரின் என் வீட்டுக் கூடத்தில் நின்று கத்தினாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, அவள் சொன்னது இதுதான்.

“அவமானப்பட்டது நண்டுதானே, அதை வந்து பேசச் சொல்லு, நான் அதுகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்” என்றேன்.

ஏழு பேரில் ஆறு பேர் சிரித்தார்கள். ஏழாவது ஆள் எங்கள் பங்குச் சாமியார், தவக்காலத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். செவரின் மட்டும் சிரிக்கவில்லை. மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மர்செய்ல இருக்கற என் புள்ளைக்குப் புடிச்ச நண்டுக்கா அது. பாட்டில் அதப் பார்த்து அப்பிடிப் பின்வாங்கிச்சுன்னா என்ன அர்த்தம்? அவன் மறந்துட்டான்னுதானே?”

எனக்குப் பதில் தெரியாத கேள்விகள் கொஞ்சம்தான். அவற்றைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. நண்டை எடுத்து எல்லோருக்கும் தட்டில் வைத்தேன், உண்மையிலேயே நல்ல நண்டு, வாயை அடைக்க அது போதுமாக இருந்தது.

பாட்டில் வந்தது விபூதிப் புதனுக்கு முந்தின நாள். பிரான்சின் மேற்குப் பக்கம், ஒரு பெரிய ஆறு கடலில் போய் விழுகிற இடத்தில் நாந்த் என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் என் வீட்டுக்காரர் தமியென் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆறு வாரம் வருவார், வந்த மறுநாளே கோடு போட்ட நம் ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கும் போகாத ஆள் மாதிரி மீன் வாங்கப் போவார், ஆறு வாரம் முடிந்ததும் நான் “பார்த்துப் போங்க” என்பேன், அவர் போவார். பிள்ளை கிடையாது. ஏன் என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாக என்னிடம் பதில் உண்டு, ஒரு முறை வாங்கிக்கொண்டவர்கள் மறுமுறை கேட்பதில்லை.

இந்த ஈஸ்டரோடு அவர் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகப் பேச்சு. பொங்கலுக்கே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மாடி அறையில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்துவிட்டேன். அவர் வருவதற்குப் பதிலாக பாட்டில் வந்தது, யாரோ ஒருவருடைய பெட்டியில், மூன்று பனியன்களுக்கு நடுவில் சுற்றப்பட்டு. கூடவே ஒரு கடிதம்: கடை முதலாளி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ என்ன சொல்கிறாய் ஜெர்மேன். அதற்குக் கீழே, ஏதோ அதுதான் முக்கியம் என்பதுபோல, முஸ்கதே என்கிற இந்த வெள்ளை ஒயினைப் பற்றி முக்கால் பக்கம். கடலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் விளைந்த திராட்சை, குளிர்காலம் முழுக்கத் தன் கசடின் மேலேயே படுத்துக் கிடந்த ஒயின், இனிப்பு கிடையாது, எலுமிச்சையும் உப்புக்காற்றும்தான், இதைத் தனியாகக் குடிக்காதே, ஏற்ற சாப்பாடு பக்கத்தில் இருந்தால்தான் இது இறங்கும் என்று எழுதி, ஒரு பட்டியலும் போட்டிருந்தார்: பச்சை ஆளிச் சிப்பி, சுட்ட மத்தி, வெண்ணெய்க் குழம்பில் ஆற்று மீன், ஆட்டுப்பால் சீஸ்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டார். நான் “உங்க இஷ்டம்” என்றேன். அவர் அங்கே மழை என்றார். இங்கே வெயில் என்றேன்.

விபூதிப் புதன் போய், வியாழக்கிழமை சங்கரா மீன் வறுத்து, கார்க்கைப் பிடுங்கி, பாட்டிலைச் சாய்த்தேன். ஒயின் வரவில்லை. இன்னும் சாய்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்தேன். பாட்டில் நிறைய இருந்த ஒயின் அடிப்பக்கமாகப் போய் ஒடுங்கிக்கொண்டது, பயந்த பூனை பீரோ மேல் ஏறி உட்காருமே, அப்படி. லேஸ் பின்னுகிற குரோஷா ஊசியை விட்டுக் குத்திப் பார்த்தேன், சாஸ் பாட்டிலைத் தட்டுகிற மாதிரி உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். கடைசியில் எதிர்வீட்டு இருதயநாதன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சந்து முழுக்க அவரை சொல்தா என்றுதான் கூப்பிடும், ஒயினைப் பற்றி ஏதாவது தெரிந்தவர் எங்கள் பிஸ்கோத்துச் சந்தில் அவர் ஒருத்தர்தான்.

சொல்தா பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என் சங்கராவை முகர்ந்து பார்த்தார்.

“மொளகாத்தூள் சாஸ்தி, தங்கச்சி. அதான் வரமாட்டேங்குது.”

“முக்கா லிட்டர் எப்பிடிண்ணே அந்த அடியில போய் ஒடுங்குது?”

“நீ தீவாளிக்கு மெட்ராஸ் பஸ்ஸுல ஒடுங்கினதில்லையா?” என்று கேட்டுவிட்டு, வராத ஒயினுக்காக இரண்டு சங்கராவைத் தின்றுவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

கான்வென்ட்டில் எங்களுக்கு மதர் ஒருத்தர் ஒயினைப் பாடமாக நடத்தியிருக்கிறார். கரும்பலகையில் கிளாஸ் படம் வரைந்து, மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு, கிளாஸின் காம்பைத்தான் பிடிக்க வேண்டும், வயிற்றைப் பிடிக்கக் கூடாது என்று ஞானோபதேசம் மாதிரி ஒப்பிக்க வைத்து, பரீட்சையும் வைத்தார், எல்லாம் தண்ணீரை வைத்துக்கொண்டு. எனக்கு அதில் நூற்றுக்கு நூறு. இத்தனை வருஷம் கழித்து அந்தப் பாடம் என் சாப்பாட்டு மேசைக்கு வந்து, நான் வைத்த மீனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். பட்டியலை எடுத்தேன். ஆளிக்காக மீன்காரி பூங்காவனத்திடம் சொன்னேன். முகத்துவாரத்துப் பாறையில் சிமெண்டுக் கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பி அது, அவள் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டிவிட்டு, வேகவைக்காமல் தின்ன வேண்டும் என்று தெரிந்ததும் கூடையைத் திரும்பக் கேட்டாள்.

“பச்சையாவா? நான் பொறந்ததுலேர்ந்து கடல்லதான் கெடக்கறேன் மதாம், எங்க வூட்டுப் பூனைகூட இதப் பச்சையாத் திங்காது.”

“உன் பூனையை யாரு கூப்பிட்டா? சொல்தா திம்பாரு.”

சொல்தா தின்றார், எலுமிச்சை பிழிந்து, கண்ணை மூடிக்கொண்டு. நான் பாட்டிலைச் சாய்த்தேன். அடியில் இருந்த ஒயின் மெதுவாக நகர்ந்து, பாட்டிலின் தோளைக் கடந்து, கழுத்துவரை வந்து, நின்று, திரும்பப் போய்விட்டது. கண்ணைத் திறந்த சொல்தா, கூடப் பட்டாளத்தில் இருந்த ஒருவனுடைய பெயரைச் சொன்னார், முப்பது வருஷமாக அந்தப் பெயரை அவர் வாயில் யாரும் கேட்டதில்லை, சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுட்ட மத்திக்குத் தோள்வரை வந்தது. வெண்ணெயில் விரால் மீனுக்குத் தோளுக்குக் கொஞ்சம் மேலே. ஆட்டுப்பால் சீஸுக்கு நான் எங்கே போவேன், சந்துக் கோடியில் நாலு ஆடு வளர்க்கிற கமலவேணியிடம் பால் வாங்கி, எலுமிச்சை விட்டுத் திரித்து, துணியில் கட்டி அம்மிக்குழவியை மேலே வைத்தேன். மறுநாள் அந்த வெள்ளைக் கட்டியைத் தட்டில் வைத்ததும் ஒயின் கழுத்துவரை வந்து ஒரே ஒரு குமிழி விட்டது. கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. “எங்க ஆட்டுக்குத்தான் அது குமிழி விட்டுச்சு” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பட்டியல் முடிந்துவிட்டது, ஒயின் இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சந்து வேலையில் இறங்கியது. பதினான்கு வீடு, நாளுக்கு ஒரு வீடு, பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் மூவேளை ஜெப மணி அடித்து முடித்ததும் தட்டை லேஸ் துணியால் மூடிக்கொண்டு வர வேண்டும், தட்டை மேசையின் கிழக்குப் பக்கம் வைக்க வேண்டும், ஏன் கிழக்கு என்று யாருக்கும் தெரியாது, பாட்டிலைச் சாய்க்கும் உரிமை எனக்கு மட்டும், ஒயின் எதுவரை வந்தது என்று சொல்லும் உரிமை சொல்தாவுக்கு. சாமியாரிடம் போய்த் தவக்காலத்தில் இது பாவமா என்று கேட்டார்கள், அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, குடித்தால் பாவம், வராத ஒயினைப் பார்ப்பதும் ஒரு வகை நோன்புதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தீர்ப்பு சரிதானா என்று பார்க்கத் தானும் தினம் வந்தார். இரண்டாவது வாரத்தில், கழுத்துவரை வரவழைத்த வீடு, தோள்வரை வரவழைத்த வீடு, அடியிலேயே ஒட்டவைத்த வீடு என்று சந்து மூன்று சாதியாகப் பிரிந்தது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் “இது கழுத்துவரைக் குடும்பம்” என்று யாரோ சொல்ல, அவர்கள் அதை ஏதோ நோய் என்று நினைத்து எழுந்து போனார்கள்.

இதற்கு நடுவில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒன்று நடந்தது. முதலில் எல்லோரும் தங்களுக்கு நன்றாக வருவதைச் செய்து கொண்டுவந்தார்கள், வெந்தய மீன் குழம்பு, இறால் கட்லெட், கமலவேணி வாழைப்பூ வடை. போகப்போக, போய்விட்டவர்களுக்குப் பிடித்ததைச் செய்தார்கள். எங்கள் சந்தில் பிரான்சுக்கு ஓர் ஆளைக் கொடுக்காத வீடு இல்லை, கமலவேணி வீட்டில் கொழுந்தன், சொல்தா வீட்டில் இரண்டு மகள்கள், மற்ற வீடுகளில் யாராவது. தட்டு மேசைக்கு வரும், துணியை எடுப்பார்கள், ஒயின் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வரும், பிறகு எல்லோரும் உட்கார்ந்து அந்தத் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே, இதை அவன் எப்படிச் சாப்பிடுவான், முதலில் எதை எடுப்பான், எதை ஒதுக்குவான் என்று பேசுவார்கள், பேசப்பேச பாட்டிலில் ஒயின் லேசாக ஆடும், என் கூடத்தில் மூன்று மணிவரை ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள், நான்தான் விளக்குமாற்றை எடுத்து அவர்கள் காலடியில் பெருக்கத் தொடங்குவேன்.

அப்படி வந்ததுதான் செவரினுடைய நண்டு. அதற்குத்தான் ஒயின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள், சிரித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு. பிள்ளையைத் திட்டுவதற்காக மர்செய்க்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, “அம்மா, நண்டு செத்துப்போன அப்பாவுக்குத்தான் புடிக்கும். எனக்கு நண்டு தொட்டா கை அரிக்கும். நான் இறால் தலை கேட்டு அழுவேன், நீ குடுக்கமாட்டே” என்றிருக்கிறான். மறுநாள் இறால் தலையை மிளகில் வறுத்துக் கொண்டுவந்தாள். ஒயின் கழுத்தைத் தாண்டி வாயின் விளிம்புக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது நின்றது. அதுவரை அந்த உயரத்துக்கு அது வந்ததே இல்லை. சொல்தா எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

அந்த வெற்றி தலைக்கேறித்தான் செவரின் என்னிடம் கேட்டாள், எல்லோரும் இறால் தலையை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்: “ஏன்க்கா, நாங்க எல்லாரும் செஞ்சுட்டோம். நீங்க அண்ணனுக்குப் புடிச்சத இன்னும் செய்யலியே. தமியென் அண்ணனுக்கு என்ன புடிக்கும்?”

மேசையில் சிந்தியிருந்ததைத் துணியால் துடைத்தேன். இருபத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவர் தட்டில் நான் வைத்ததையெல்லாம் தின்றிருக்கிறார், நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார், தீய்ந்ததையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவருக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்டதே இல்லை என்பது, ஒரு கூடம் நிறைய ஆட்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தெரியவந்தது.

“உறிஞ்சினது போதும், எழுந்திருங்க, பெருக்கணும்” என்றேன்.

அந்த ஞாயிறு அவர் கூப்பிட்டார்.

“பாட்டில் தெறந்தாச்சா?”

“எப்பவோ. நல்லா இருந்துச்சு.”

“எதோட சாப்ட்டே?”

“வஞ்சரம்.”

“வஞ்சரம் அதுக்குக் கொஞ்சம் கனமாச்சே ஜெர்மேன்” என்று கவலைப்பட்டார், என்னமோ அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம் மாதிரி. பிறகு, “வர்ற ஞாயிறு குருத்து ஞாயிறு. கடை பத்ரோன் கேக்கறார். நான் என்ன சொல்லட்டும்?” என்றார்.

“அதான் சொன்னேனே, உங்க இஷ்டம்.”

“சரி” என்றார். “அப்ப ஞாயித்துக்கெழம காலையில சரின்னு சொல்லிடறேன், ரெண்டு வருஷந்தானே.”

“ரெண்டு வருஷந்தானே” என்றேன் நானும். அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பிறகு யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை, நானாகத்தான் இருக்கும்.

இப்போது இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் பட்டியலில் ஒன்று இல்லை. அது இல்லை என்பதை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன்.

அவர் போன மூன்றாவது வருஷம் என்னையும் நாந்த்துக்கு வரவழைத்தார். நாலு மாசம் இருந்தேன். குளிரில் வாயைத் திறக்க முடியவில்லை, வாயைத் திறக்க முடியாத ஊரில் நான் என்ன செய்வேன் என்று இங்கே வந்து எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சொல்லாதது இது. நவம்பரில் எனக்குக் காய்ச்சல். மத்தியானச் சமையலுக்கும் ராத்திரிச் சமையலுக்கும் நடுவில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் அவர் ஓடிவந்தார், கோட்டுப் பையில் காகிதப் பொட்டலத்தில் கறுப்பு ஓட்டுச் சிப்பி, கையில் இதே ஒயின். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் ஒரு கிளாஸ் ஒயினை ஊற்றி, சிப்பியைக் கொட்டி மூடினார், உள்ளே ஒவ்வொன்றாக வாயைத் திறக்கிற சத்தம் எனக்குப் படுக்கைவரை கேட்டது. அந்தச் சாற்றை வடிகட்டிப் பச்சரிசிக் கஞ்சியில் விட்டு, டப்பாத் தேங்காய்ப்பால் விட்டு, மிளகைத் தட்டிப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து எனக்கு ஊட்டினார். என் அம்மா செத்த பிறகு யாரும் எனக்கு ஊட்டியதில்லை. அந்தக் கஞ்சி கடல் மாதிரியும் இருந்தது, வீடு மாதிரியும் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உப்பு கம்மி” என்றேன். எழுந்து போய் உப்பு கொண்டுவந்தார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கதவருகே போய், குல்லாயைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு, ஏதோ கேட்க வேண்டியது பாக்கியிருப்பதுபோல நின்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். இரண்டு வாரத்தில் டிக்கெட் எடுத்துத் திரும்பிவிட்டேன். அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் அந்தச் சிப்பியைப் பட்டியலில் எழுதவில்லை, எழுதினால் அன்று கதவருகே கேட்காமல் விட்டதைக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் பூங்காவனத்திடம் கறுப்பு ஓட்டுச் சிப்பி வாங்கினேன். இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு நாலைந்து சிப்பி கூடுதலாகவே போட்டாள், கூடையைத் தலையில் ஏற்றாமல் என் பின்னாலேயே வீட்டுக்குள் வந்து ஓட்டைச் சுரண்டிக் கொடுத்தாள். சட்டியில் ஊற்ற ஒயின் இல்லை. பாட்டிலில் இருக்கிறது, வெளியே வராது. எலுமிச்சம் பழத்தைத் தண்ணீரில் பிழிந்து ஊற்றினேன், ஒரு சொட்டு வினிகரும் விட்டேன். சிப்பிகள் திறந்தன, ஆனால் வேறு மாதிரித் திறந்தன, யாரோ கட்டாயப்படுத்தியதுபோல. சாற்றை வடிகட்டிக் கஞ்சியில் விட்டு, தேங்காய்ப்பால் விட்டு, மிளகு தட்டிப் போட்டேன். ஜெப மணி அடித்தது.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கூடத்துக்கு வந்தபோது பதினான்கு வீடும் அங்கே இருந்தது. உட்கார இடமில்லாதவர்கள் வாசற்படியில் நின்றார்கள். கஞ்சித் தட்டை மேசையின் கிழக்குப் பக்கம் வைத்தேன். துணி போட்டு மூடவில்லை.

பாட்டிலைச் சாய்த்தேன். சாய்க்கத் தொடங்கும்போதே ஒயின் புறப்பட்டுவிட்டது. தோளில் நிற்கவில்லை, கழுத்தில் நிற்கவில்லை, வெளிர்மஞ்சளாக, அவசரமாக, ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவருகிற ஆள் மாதிரி வந்து, வாயின் விளிம்பைத் தாண்டி ஒரு கடுகளவு வெளியே துருத்தி, அங்கேயே நின்றது. விழவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கூடம் முழுக்க எலுமிச்சைத் தோலும் ஈரப் பாறையுமாக மணந்தது. சொல்தா அளவு சொல்வதை மறந்து ஓரடி முன்னால் வந்தார். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கை கடுத்தது. ஒயின் அசையவில்லை.

“இன்னும் என்னதான்க்கா வேணும் அதுக்கு?” என்று செவரின் மெல்லக் கேட்டாள்.

“கஞ்சியில ஒரு கிளாஸ் ஒயின் கொறையுது” என்றேன். “இதே ஒயின்.”

எல்லோரும் கஞ்சியைப் பார்த்தார்கள், பிறகு பாட்டிலைப் பார்த்தார்கள், பிறகு திரும்பக் கஞ்சியைப் பார்த்தார்கள். கமலவேணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அது வந்தாத்தான் இது சரியாவும். இது சரியானாத்தான் அது வரும். இப்பிடியே நின்னா எப்பிடிக்கா?”

“ரெண்டுல ஒண்ணு மொதல்ல எறங்கிவரணும், வேற என்ன” என்றாள் பூங்காவனம், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. “ஒயினு அதால முடிஞ்ச மட்டும் வந்துடுச்சு மதாம். பாவம், அதுக்குக் காலா இருக்கு.”

நான் பாட்டிலைச் சாய்ந்தபடியே சொல்தா கையில் கொடுத்தேன். அவர் அதைத் துப்பாக்கி வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மேசை மேலிருந்த போனை எடுத்தேன். அங்கே காலை எட்டோ ஒன்பதோ இருக்கும், சனிக்கிழமை, மீன் சந்தையில் இருப்பார். மணி அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. பிறகு அவர் குரலே வந்தது, இப்போது எடுக்க இயலவில்லை, செய்தியைச் சொல்லுங்கள் என்று பிரெஞ்சில், யாரிடமோ பேசுகிற மரியாதையோடு. பிறகு ஒரு கீச்சுச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

“நான்தான்” என்றேன். “அந்த பாட்டில் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேனே, அது பொய். ஒரு சொட்டு எறங்கல. இருதயநாதன் அண்ணன் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாரு, அவருக்கும் வயசாவுது. சிப்பி வாங்கிக் கஞ்சி வெச்சிருக்கேன். அதுல ஊத்த இன்னொரு பாட்டில் வேணும். யாருகிட்டயாவது குடுத்தனுப்பிடலாம்னு பாக்காதீங்க. அந்தப் பனியனுக்கு நடுவுல சுத்தற வேலையெல்லாம் வேணாம்.”

மூச்சு வாங்க நிறுத்தினேன். பதினான்கு வீடும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரையும் விரட்டிவிட்டு விளக்குமாற்றை எடுக்கலாம். எடுக்கவில்லை.

“நாளைக்குக் காலையில நீங்க பத்ரோன்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. இத மொதல்ல கேளுங்க. பதினெட்டு வருஷமா நான் இதச் சொன்னதில்ல, எனக்குச் சொல்ல வராது, அதனால ஒரு தடவைதான் சொல்லுவேன். வந்துடுங்க.”

போனில் காற்று மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கஞ்சியில் ஆவி அடங்கிவிட்டது. பாட்டிலின் வாயில் அந்தக் கடுகளவு ஒயின் அப்படியே நின்றது.

“வந்துடுங்க” என்றேன்.